இல்லினாய் 8-ஆவது தொகுதி: ஒரே எண்ணுக்குள் எத்தனை ஊர்கள்?

கேள்விக்குறி:

இல்லினாய் மாநிலத்தின் 8-ஆவது தொகுதியிலிருந்து 2017 முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்துவரும் ராஜா கிருஷ்ணமூர்த்தி, ஓய்வுபெறவிருக்கும் செனட்டர் டிக் டர்பினின் இடத்துக்குப் போட்டியிடப் போவதாக 2025 மே மாதம் அறிவித்தார். அதிலிருந்து அவர் விட்டுச்செல்லும் தொகுதியைப் பற்றிய பேச்சு தமிழ் வட்டாரத்திலும் அடிபடுவதால், அத்தொகுதியின் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் குழப்பம்தான் மிஞ்சியது. 1959 முதல் 1993 வரை ஜனநாயகக் கட்சியின் டான் ரோஸ்டென்கவ்ஸ்கி 34 ஆண்டுகள் அசைக்க முடியாதவராக இருந்திருக்கிறார். அடுத்த நாளே குடியரசுக் கட்சியின் தீவிர வலதுசாரியான பில் கிரேன் அங்கே அமர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் நீடிக்கிறார். பிறகு மெலிசா பீன், ஜோ வால்ஷ், டாமி டக்வொர்த், கிருஷ்ணமூர்த்தி என்று கட்சி மாறி மாறி வருகிறது. 34 ஆண்டுகள் ஒரே கட்சிக்கு வாக்களித்த மக்கள் 1992-இல் அப்படித் தலைகீழாக மாறுவதற்கு என்ன நடந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வரைபடப் பித்தன்:

மக்கள் மாறவில்லை, எண்தான் இடம் மாறியது. நீங்கள் பார்த்த பட்டியல் 8 என்ற எண்ணுக்கு உரியது. எந்த ஊருக்கும் உரியது அன்று. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் மாநிலங்களுக்கு மறுபடியும் பங்கிடப்படுகின்றன. இல்லினாயின் பங்கு பல தலைமுறைகளாகவே தேய்ந்துகொண்டு வருகிறது: ஒரு காலத்தில் 27 இடங்கள் இருந்த மாநிலத்துக்கு இன்று 17 இடங்கள்தாம். ஒவ்வொரு முறை ஓரிடம் குறையும்போதும் எல்லாத் தொகுதிகளும் கலைத்துப் போடப்படுகின்றன. எண்களும் புதிதாக ஒட்டப்படுகின்றன.

1990 கணக்கெடுப்பில் இல்லினாய்க்கு இரண்டு இடங்கள் குறைந்து 22 என்பது 20 ஆயிற்று. மாநிலச் சட்டமன்றம் உடன்பாடு காணத் தவறியதால் வரைபடத்தை முடிவு செய்யும் பொறுப்பு கூட்டாட்சி நீதிபதிகள் மூவரிடம் போயிற்று. சிகாகோவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது வலுவாக இருந்தது. தெற்கே மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் பகுதியையும் வடக்கே புவேர்ட்டோ ரிக்கோவினர் வாழும் பகுதியையும், நடுவிலிருந்த கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியைச் சுற்றிக்கொண்டு மெல்லிய கீற்று ஒன்றினால் இணைத்து, காதுறையைப் போன்ற வடிவத்தில் 4-ஆவது தொகுதியை அமைத்தார்கள். 1992-இல் அங்கிருந்து லூயிஸ் குட்டியெரெஸ் தேர்வானார். ரோஸ்டென்கவ்ஸ்கியின் பழைய நிலப்பரப்பில் ஒரு பகுதி இப்புதிய தொகுதிக்குள் போய்விட, மீதியும் பக்கத்திலிருந்த பகுதிகளும் சேர்ந்து 5-ஆவது தொகுதி ஆயின. அவர் அங்கே நின்று வென்றார். அதுவரை 12-ஆவது தொகுதியின் உறுப்பினராக இருந்த பில் கிரேனின் வடமேற்குப் புறநகர்ப் பகுதிக்கு, சும்மா கிடந்த 8 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். நடந்தது அவ்வளவுதான். இருவரும் 1992-இல் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கவும் இல்லை, ஒருவர் வாக்காளரை மற்றவர் கவரவும் இல்லை.

மில்வாக்கி சாலை:

பித்தன் ஐயா சொன்னது சரியே. ஆயினும் பழைய 8-ஆவது தொகுதியை ஒரு வரியில் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சிகாகோவின் வடமேற்கில் மில்வாக்கி அவென்யூவை ஒட்டிப் போலந்து வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. உறுப்பினர்களின் பெயர்களைப் பார்த்தாலே புரியும்: 1920-களில் ஸ்டான்லி குன்ஸ், 1930-களில் லியோ கோசியல்கவ்ஸ்கி, 1943 முதல் தாமஸ் கார்டன், 1959-இல் ரோஸ்டென்கவ்ஸ்கி. இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1930 தேர்தலில் குன்ஸைத் தோற்கடித்ததாக அறிவிக்கப்பட்ட பீட்டர் கிரனாட்டா என்ற குடியரசுக் கட்சிக்காரர் ஓராண்டுக்கு மேல் சபையில் உட்கார்ந்துவிட்டார். குன்ஸ் அந்த முடிவை எதிர்த்து முறையிட, 1932 ஏப்ரலில் சபை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து கிரனாட்டாவை வெளியே அனுப்பிவிட்டது. தேர்தல் தகராறில் இறுதிச் சொல் நீதிமன்றத்துடையது அன்று, சபையுடையது என்ற அரசமைப்பு விதியை இங்கே நேரடியாகப் பார்க்கலாம்.

ரோஸ்டென்கவ்ஸ்கியின் தந்தை ஜோ, 32-ஆவது வார்டின் நகரமன்ற உறுப்பினராக இருந்தவர். வார்டு, தேவாலயம், கட்சி அமைப்பு மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடந்த அரசியல் அது. கென்னடி விரைவுச்சாலை அமைக்கப்பட்டபோது, புனித ஸ்டானிஸ்லாஸ் கோஸ்ட்கா தேவாலயத்தை இடிக்க விடமாட்டோம் என்று அப்பகுதிப் போலந்து மக்கள் போராடினார்கள். இன்றும் அந்தச் சாலை தேவாலயத்தின் சுவரை உரசுவதுபோல வளைந்துதான் போகிறது. அந்தச் சாலையைப் பிடித்துத்தான் அடுத்த தலைமுறை வடமேற்குப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே பழைய 8-க்கும் புதிய 8-க்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பேரன் பேத்திகளில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

1981 முதல் வரிச் சட்டங்களைக் கையாளும் 'வேஸ் அண்ட் மீன்ஸ்' குழுவின் தலைவராக இருந்த ரோஸ்டென்கவ்ஸ்கி, 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியச் சிற்பிகளில் ஒருவர். 1985-இல் ரீகனின் தொலைக்காட்சி உரைக்குப் பதிலுரை ஆற்றியபோது, தம் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் 'ரோஸ்டி, வாஷிங்டன்' என்று மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பினால் போதும் என்று மக்களிடம் சொன்னவர். அதே மனிதரை 1989 ஆகஸ்டில் சொந்தத் தொகுதியின் முதியவர்களே காரை மறித்து வசைபாடினார்கள். முதியோர் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் செலவை முதியவர்கள் தலையிலேயே கட்டிய 1988-ஆம் ஆண்டுச் சட்டம்தான் காரணம். ஒரு மூதாட்டி காரின் முன்மூடியின் மேலேயே சாய்ந்து அதை நகரவிடாமல் செய்தார். ரோஸ்டென்கவ்ஸ்கி இறங்கி ஓட வேண்டியதாயிற்று. சில மாதங்களில் காங்கிரஸ் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. 1994-இல் அவர்மேல் 17 குற்றச்சாட்டுகள் பதிவாயின. அதே நவம்பரில் 5-ஆவது தொகுதியில், அதிகம் அறியப்படாத மைக்கேல் பிளானகன் என்ற வழக்கறிஞரிடம் தோற்றார். 1996-இல் அஞ்சல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2000 டிசம்பரில் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார்.

கேள்விக்குறி:

மிக்க நன்றி. அப்படியென்றால் 1993-க்கு முன் இந்தப் புறநகர்ப் பகுதி யாருடையதாக இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கிரேன் எங்கிருந்து வந்தார்?

புறநகர்வாசி:

அந்தக் கதையை 1940-களிலிருந்து தொடங்க வேண்டும். இல்லினாய் சட்டமன்றம் 1901-இல் வரைந்த காங்கிரஸ் தொகுதிகளை அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொடவே இல்லை. இதற்கிடையில் சிகாகோவின் புறநகர்கள் பெருத்துக்கொண்டே போயின. 1940 கணக்கெடுப்பின்படி சிகாகோ நகருக்குள் இருந்த ஒரு தொகுதியில் ஏறக்குறைய 1,12,000 பேர். புறநகர்த் தொகுதி ஒன்றில் 9,14,000 பேர். இருவருக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அரசியல் பேராசிரியர் கென்னத் கோல்குரோவ் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 1946-இல் உச்ச நீதிமன்றம், இது நீதிமன்றம் கால்வைக்கக் கூடாத அரசியல் முட்புதர் என்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரின் கருத்தோடு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆயினும் வழக்கு கிளப்பிய அவமானத்தால் அடுத்த ஆண்டே சட்டமன்றம் எல்லைகளை மாற்றி வரைந்தது. ஒரு மாநிலத்துக்குள் காங்கிரஸ் தொகுதிகள் கூடுமானவரை சம மக்கள்தொகை உடையனவாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிகாகோவின் வடபுறப் புறநகர்கள் அன்று குடியரசுக் கட்சியின் கோட்டை. 13-ஆவது தொகுதியில் மார்கெரிட் சர்ச் அம்மையார் 1951 முதல் 1963 வரை இருந்தார்; அவருக்குப் பின் வந்த இளைஞர்தான் டொனால்ட் ரம்ஸ்பெல்ட். 1969-இல் நிக்சன் அரசில் பதவியேற்க ரம்ஸ்பெல்ட் விலகியதும் இடைத்தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சிக்குள் பலமுனைப் போட்டி. வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பில் கிரேன் அதில் முந்திக்கொண்டு வந்து, நவம்பரில் சபைக்குள் நுழைந்தார். பின்பு அவருடைய தொகுதியின் எண் 12 ஆயிற்று, 1993-இல் 8 ஆயிற்று. 1980 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு 1978-லேயே வேட்பாளராக அறிவித்துக்கொண்டவரும் இவரே.

ஊரின் வளர்ச்சியைச் சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஷாம்பர்க் 1956-இல் 130 பேரோடு தனி ஊராட்சியாகப் பதிவான இடம். 1971-இல் வுட்பீல்டு வணிக வளாகம் திறந்தது. பிறகு மோட்டோரோலா தலைமையகம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் சியர்ஸ் நிறுவனம் தன் சிகாகோ வானளாவியை விட்டுப் பக்கத்து ஹாப்மன் எஸ்டேட்ஸுக்கு இடம்பெயர்ந்தது. 2020-இல் ஷாம்பர்க்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 79,000. வேலையைத் தேடி வந்து வீடு வாங்கியவர்களில் தெற்காசியர், மெக்சிகோ வம்சாவளியினர், கொரியர் எல்லாரும் உண்டு. கிரேனை 1969-இல் தேர்ந்தெடுத்த ஊர்களும் 2004-இல் வீட்டுக்கு அனுப்பிய ஊர்களும் பெயரளவில்தான் ஒன்று.

வரைபடப் பித்தன்:

ஷாம்பர்க்கைப் பற்றிய தகவல்கள் அருமை. ஆனால் முடிவு ஊரின் வளர்ச்சியால் வருகிறது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பென்சில் யார் கையில் இருந்ததோ அவர்கள்தாம் முடிவையும் எழுதினார்கள். 2000 கணக்கெடுப்புக்குப் பின் இல்லினாய்க்கு இன்னோர் இடம் குறைந்தபோது, சபாநாயகர் டென்னிஸ் ஹாஸ்டர்ட்டும் ஜனநாயகக் கட்சியின் பில் லிபின்ஸ்கியும் பேசி, பதவியில் இருப்பவர்களைக் காப்பாற்றும் ஒரு வரைபடத்தை உருவாக்கினார்கள். பலியானது தென் இல்லினாயின் டேவிட் பெல்ப்ஸ் ஒருவர்தான். 2010-க்குப் பின் ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்ததால் அவர்களே தனியாக வரைந்தார்கள். விளைவைப் பாருங்கள்: 2011-இல் இல்லினாயிலிருந்து 11 குடியரசுக் கட்சியினரும் 8 ஜனநாயகக் கட்சியினரும் போனார்கள்; 2013-இல் 12 ஜனநாயகக் கட்சியினரும் 6 குடியரசுக் கட்சியினரும். இந்த வரைபடத்தை எதிர்த்த வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றம், இது ஜனநாயகக் கட்சியின் இடங்களைப் பெருக்கும் அப்பட்டமான அரசியல் நடவடிக்கை என்று சொல்லிக்கொண்டே, தன்னால் அதை ரத்து செய்ய முடியாது என்று விட்டுவிட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கட்சி நோக்கில் வரைவது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய வழக்கே அன்று என்று கதவைச் சாத்திவிட்டது.

புறநகர்வாசி:

2011 வரைபடத்தைப் பற்றிச் சொன்னதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் 2001 வரைபடத்தை நீங்கள் சாட்சிக்கு அழைத்தது உங்களுக்கே எதிராகப் போகிறது. அது கிரேனைக் காப்பாற்றவே வரையப்பட்டது. அதே தொகுதியில்தான் அவர் தோற்றார். 2004-இல் அங்கே புஷ் ஏறக்குறைய 56 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், அதே மக்கள் 35 ஆண்டுகள் இருந்த குடியரசுக் கட்சிக்காரரை விலக்கி, மெலிசா பீனுக்கு ஏறக்குறைய 52 விழுக்காடு கொடுத்தார்கள். கட்சிக் கோட்டைத் தாண்டிய இவர்களை எந்த வரைபடமும் கணக்கில் எடுத்திருக்காது.

அது திடீரென்று விழுந்த இடியும் அன்று. கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில், 1994-லேயே கிரேன் பாதி வாக்குகளைக்கூட எட்டாமல்தான் தப்பித்தார். அன்று அவரை எதிர்த்த பீட்டர் பிட்ஸ்ஜெரால்ட் 1998-இல் செனட்டரானார். எதிர்ப்பு வாக்குகள் பிரியாமல் இருந்திருந்தால் கிரேனின் கதை அன்றே முடிந்திருக்கக்கூடும். (பிட்ஸ்ஜெரால்ட் ஒரே தவணையோடு விலகியதால் காலியான இடத்துக்குத்தான் 2004-இல் ஒபாமா வந்தார், அந்தப் பிரசாரத்தின் கொள்கைக் குழுவில் வேலை பார்த்தவர் கிருஷ்ணமூர்த்தி. சிறிய உலகம்.) 2001-இல் 'வேஸ் அண்ட் மீன்ஸ்' குழுவின் தலைமை மூப்பின்படி தமக்கு வரும் என்று கிரேன் எதிர்பார்த்தார், கட்சி பில் தாமஸுக்குக் கொடுத்தது. ரோஸ்டென்கவ்ஸ்கி தலைவராக வீற்றிருந்த அதே குழுவில் பல ஆண்டுகள் எதிர்வரிசையில் இருந்தவருக்கு அந்த நாற்காலி கடைசிவரை கிடைக்கவில்லை. 2002-இல் பீனை ஏறக்குறைய 57-க்கு 43 என்று வென்றவர், அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறர் செலவில் அவர் போன வெளிநாட்டுப் பயணங்களையும், தொகுதிப் பக்கம் அவரைக் காணக் கிடைக்காததையும் பீன் 2004 முழுக்கச் சொல்லிச் சொல்லியே வென்றார்.

எண்கணிதம்:

இந்த இழையைக் கொஞ்ச நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2004-ஐவிட 2010 இன்னும் சுவையானது என்பது என் எண்ணம். 2005-இல் மத்திய அமெரிக்க நாடுகளுடனான தடையற்ற வணிக உடன்படிக்கை 217-க்கு 215 என்று மயிரிழையில் நிறைவேறியபோது அதை ஆதரித்த 15 ஜனநாயகக் கட்சியினரில் பீன் ஒருவர். தொழிற்சங்கங்கள் கொதித்தன. 2006-இல் பில் ஷூரர் என்பவர் மூன்றாம் வேட்பாளராக நின்று ஏறக்குறைய 5 விழுக்காடு எடுத்தார். பீன் 51-க்கு 44 என்று டேவிட் மெக்ஸ்வீனியை வென்றார். 2008-இல் ஒபாமா அலை, பீனுக்கு 61 விழுக்காடு. 2010-இல் அலை எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வாக்களித்திருந்த பீனை, குடியரசுக் கட்சியின் தேசியத் தலைமையே பெரிதாகப் பொருட்படுத்தாத 'டீ பார்ட்டி' (வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த வலதுசாரி இயக்கம்) வேட்பாளர் ஜோ வால்ஷ் 300-க்கும் குறைவான வாக்குகளில் வீழ்த்தினார். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வாக்களித்த தேர்தல் இது. தோல்வியை ஏற்க பீனுக்கு நவம்பர் நடுப்பகுதி ஆயிற்று. அதே ஷூரர் இம்முறை பசுமைக் கட்சி வேட்பாளராக நின்று 6,000-க்கு மேல் வாங்கியிருந்தார்.

மில்வாக்கி சாலை:

ஆக, பசுமைக் கட்சிதான் வால்ஷை வெற்றிபெற வைத்தது என்று சொல்லலாமா?

எண்கணிதம்:

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் தயங்குவேன். ஷூரர் நிற்காவிட்டால் அந்த 6,000 பேரும் பீனிடம் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை. 2005 வாக்கெடுப்புக்காகவே அவரை வெறுத்தவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் வித்தியாசம் அவ்வளவு சிறிதாக இருக்கும்போது, அவர்களில் இருபதில் ஒருவர் கூடுதலாகப் பீன் பக்கம் சாய்ந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும் என்பது வெறும் கூட்டல் கழித்தல். அந்த அளவுக்குச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். பித்தன் அவர்களின் வரைபடக் கோட்பாட்டுக்கு இங்கே இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள்: 2002 முதல் 2010 வரை ஐந்து தேர்தலும் ஒரே எல்லைக்குள் நடந்தவை. அதற்குள் கிரேன், பீன், வால்ஷ் மூவரும் வென்றிருக்கிறார்கள்.

வரைபடப் பித்தன்:

அதனால்தான் 2011-இல் எல்லையையே மாற்றினார்கள்! லேக், மெக்ஹென்றி கவுண்டிகளின் (மாவட்டம் போன்றவை) குடியரசுக் கட்சிப் பகுதிகளை வெட்டிவிட்டு, எல்ஜின், கார்பென்டர்ஸ்வில், அடிசன், வில்லா பார்க் என்று ஜனநாயகக் கட்சிக்குத் தோதான ஊர்களைச் சேர்த்து, புதிய 8-ஐ உருவாக்கினார்கள். வால்ஷின் வீடே 14-ஆவது தொகுதிக்குள் போய்விட்டது. அங்கே தம் கட்சியின் ரேண்டி ஹல்ட்கிரெனோடு மோதுவதா, வெல்ல முடியாத 8-இல் நிற்பதா என்று யோசித்து, கடைசியில் 8-க்கே வந்தார்.

உண்மையான போட்டி ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில்தான் நடந்தது. ஒருபக்கம் டாமி டக்வொர்த்: ஈராக்கில் 2004 நவம்பரில் அவர் ஓட்டிய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தவர், 2006-இல் பக்கத்து 6-ஆவது தொகுதியில் பீட்டர் ராஸ்கமிடம் 5,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றவர். மறுபக்கம் கிருஷ்ணமூர்த்தி: 2010-இல் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டு அதிகாரி (comptroller) பதவிக்கான முதல்நிலைத் தேர்தலில் மிக நெருங்கி வந்து தோற்றவர். டர்பின், ஒபாமாவின் ஆலோசகர் ஆக்சல்ராட் போன்ற பெரிய தலைகள் டக்வொர்த் பக்கம் நின்றார்கள்; 2012 மார்ச்சில் அவர் 66-க்கு 34 என்று வென்றார். நவம்பரில் வால்ஷை ஏறக்குறைய 55-க்கு 45 என்று வீழ்த்தினார். டக்வொர்த் தம் இராணுவச் சேவையைப் பற்றி அளவுக்கு மேல் பேசுகிறார், உண்மையான வீரர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்ற பொருள்பட வால்ஷ் பேசியது நாடு முழுக்கக் கண்டனத்துக்கு உள்ளானது. அது இல்லாவிட்டாலும் அவர் தோற்றிருப்பார் என்பதே என் கருத்து. பிற்பாடு வால்ஷ் 2020-க்கான முதல்நிலைத் தேர்தலில் டிரம்பை எதிர்த்துக் கிளம்பியதும், 2025-இல் ஜனநாயகக் கட்சியிலேயே சேர்ந்ததும் தனிக்கதை.

புறநகர்வாசி:

2016-இல் டக்வொர்த் செனட்டுக்குப் போனபோது, முதல்நிலைத் தேர்தலில் மாநில செனட்டர் மைக் நோலண்டையும் வில்லா பார்க் மேயரையும் எளிதாக வென்ற கிருஷ்ணமூர்த்தி, நவம்பரில் ஏறக்குறைய 58 விழுக்காட்டோடு சபைக்குச் சென்றார். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா வந்து, இல்லினாயின் பியோரியாவில் வளர்ந்தவர். குடும்பம் ஒரு கட்டத்தில் அரசுக் குடியிருப்பிலும் உணவு உதவிச் சீட்டிலும் காலம் தள்ளியதை அவரே மேடைகளில் சொல்வதுண்டு. அதே தேர்தலில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் சியாட்டிலிலிருந்து தேர்வானார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் ஊடகங்கள் சில இதை இந்தியர் தொகுதி என்றே எழுதிவிடுகின்றன. அது பொருந்தாது. ஷாம்பர்க், ஹாப்மன் எஸ்டேட்ஸ் பக்கம் இந்திய வம்சாவளியினர் கணிசமாக உள்ளனர் என்பது உண்மை. ஆனால் எல்ஜினிலும் கார்பென்டர்ஸ்வில்லிலும் கதவைத் தட்டுபவர் ஸ்பானிஷ் துண்டறிக்கை இல்லாமல் போனால் பாதி வீடுகளில் பேச்சே எடுபடாது. 2018-இல் குடியரசுக் கட்சியும் இந்திய வம்சாவளி வேட்பாளரையே நிறுத்தியது. கிருஷ்ணமூர்த்தி 66-க்கு 34 என்று வென்றார். 2020-இல் அக்கட்சி ஆளையே நிறுத்தவில்லை. 2022 முதல்நிலைத் தேர்தலில் ஜுனைத் அகமது இடதுபக்கத்திலிருந்து அவரை எதிர்த்தார். இனத்தை வைத்து மட்டும் இதையெல்லாம் கணக்கிட முடியாது.

எண்கணிதம்:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 2018-இல் 66 வாங்கியவர் 2022-லும் 2024-லும் ஏறக்குறைய 57 தான் வாங்கியிருக்கிறார். செல்வாக்குச் சரிந்ததுதான் முழுக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. 2021-இல் இல்லினாய்க்கு மீண்டும் ஓரிடம் குறைந்து 17 ஆனபோது, ஜனநாயகக் கட்சி 14 இடங்களைப் பிடிக்கும்படி வரைபடத்தை வரைந்தது. ஏறக்குறைய 7,50,000 பேர் கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் உறுதியான வாக்காளர்களைப் பங்கு போட்டதில், கொழுத்த தொகுதிகள் எல்லாம் கொஞ்சம் இளைத்தன. 8-உம் அவற்றில் ஒன்று. 14-க்கு 3 என்ற கணக்குக் கிடைத்துவிட்டது; விலையாகக் கொடுத்தது பல தொகுதிகளின் பாதுகாப்பு இடைவெளி. நாட்டு மனநிலை 2010-ஐப் போலத் திரும்பும் ஓர் ஆண்டில் இந்த விலை தெரியவரும். பித்தன் அவர்களின் பென்சிலால் வாக்காளரை இடம்மாற்ற முடியும், பெருக்க முடியாது.

கேள்விக்குறி:

இப்போது படம் தெளிவாகிறது. 2026 தேர்தலில் கிருஷ்ணமூர்த்தியின் இடத்துக்கு மெலிசா பீன் மறுபடியும் போட்டியில் இறங்கியதாகப் படித்தேன். அவர் தம் பழைய தொகுதிக்குத் திரும்புகிறார் என்று செய்தித்தாள்கள் எழுதுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

வரைபடப் பித்தன்:

பழைய எண்ணுக்குத் திரும்புகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியில் மேற்கு லேக் கவுண்டியும் கிழக்கு மெக்ஹென்றி கவுண்டியும் பெரும்பங்கு. அங்கே குடியரசுக் கட்சி வாக்காளரைக் கவர வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் அந்த வணிக உடன்படிக்கைக்கு அவர் வாக்களித்தார் என்று அவருடைய ஆதரவாளர்கள் அன்று வாதிட்டார்கள். இன்றைய 8-இல் வெற்றி பெரும்பாலும் முதல்நிலைத் தேர்தலிலேயே முடிவாகிவிடும். அதில் வாக்களிப்போர் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள். அன்று அவருக்குப் பலமாக இருந்த அதே மிதவாதமும், சபையை விட்டு வந்தபின் பெரிய வங்கி ஒன்றில் பார்த்த உயர்பதவியும் இன்று போட்டியாளர்கள் சுட்டிக்காட்டும் குறைகளாகிவிட்டன. 2026 முதல்நிலைத் தேர்தலில் ஜுனைத் அகமது உள்ளிட்ட பலர் களமிறங்கியதால், பாதிக்கும் மிகக் குறைந்த வாக்குகளோடு ஒருவர் வேட்பாளராகிவிடலாம் என்ற நிலை உருவானது. இல்லினாயில் முதல்நிலைத் தேர்தலுக்கு இரண்டாம் சுற்று கிடையாது.

மில்வாக்கி சாலை:

பட்டியல் எழுத விரும்புவோர்க்கு ஓர் ஆலோசனை. எண்ணை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்துப் போங்கள். வடபுறப் புறநகர்களின் வரிசை மார்கெரிட் சர்ச், ரம்ஸ்பெல்ட், கிரேன், பீன், வால்ஷ், டக்வொர்த், கிருஷ்ணமூர்த்தி என்று போகும். அதிலும் 2011-இல் ஒரு பெரிய முறிவு உண்டு என்று அடிக்குறிப்பு போட வேண்டும். எங்கள் மில்வாக்கி அவென்யூப் பக்கத்து வரிசை ரோஸ்டென்கவ்ஸ்கியோடு 8-ஐ விட்டு 5-க்குத் தாவி, பிளானகன், ராட் பிளாகோயவிச், ராம் இமானுவேல், மைக் குவிக்லி என்று போகும். ஒரு பகுதி குட்டியெரெஸின் 4-க்குள் கிளைவிடும். பிளாகோயவிச் பின்னர் ஆளுநராகி, 2009 ஜனவரியில் பதவிநீக்கம் செய்யப்பட்டவர். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை போதாது; வேண்டுமானால் 5-ஆவது தொகுதிக்குத் தனி இழை ஒன்றைத் திறக்கிறேன்.